பெருவிரல் தொட்ட குப்பிகள்

ஷீபா, ஜெபின்,

நான் ரிட்டயர் ஆன அன்று லேபில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தீர்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், "அண்ணன் ஏதாவது அனுபவம் சொல்லணும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். நான் எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி, வடை ஆறிப்போகும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெபின் கேட்டான்: "அப்பா, ஸ்கூல்ல கேட்டா உங்கள சயன்டிஸ்டுன்னு சொல்லட்டா, குப்பி கழுவினாருன்னு சொல்லட்டா?"

குப்பி கழுவினார் என்றே சொல் மக்கா. ஆனால் "அதுல என்ன இருக்கு" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல உன்னிடம் ஒரு சங்கதி வேண்டும். அன்று மேடையில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். ஷீபா, இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. நீ அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாய்.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து நகரத்துக்கு வந்து, ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு சாயாக்கடையில் சேர்ந்தேன். பதினொரு வருடம் கண்ணாடித் தம்ளர் கழுவினேன். சேர்ந்த புதிதில், விளிம்பு உடைந்த தம்ளர் ஒன்றைக் கவனிக்காமல் வைத்துவிட்டேன். மூட்டை இறக்க வந்த ஒருவரின் உதடு கிழிந்தது. முதலாளி என்னை அடிக்கவில்லை. என் வலது பெருவிரலைப் பிடித்து, ஒரு தம்ளரின் வாயைச் சுற்றி ஒருமுறை இழுத்தார். "கண்ணு ஏமாத்தும். விரல் ஏமாத்தாது" என்றார். அன்று முதல் கழுவிய ஒவ்வொரு தம்ளரின் வாயையும் பெருவிரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் அடுக்குவேன்.

அந்தக் கடைக்குச் சாயா குடிக்க வரும் சுகுமாரன் அண்ணன் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். மலையாளி; தமிழ் பேசும் எங்களை வயது பாராமல் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். கருவிகளையும் திரவங்களையும் நீராவியில் அவிக்கும் பெரிய பாத்திரம் அவர் பொறுப்பு. "கண்ணாடி கழுவ ஆள் வேணும். உன் கை நல்ல கை" என்று அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கேஷுவலாக, அதாவது தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று தெரியாமலே வருடங்கள் ஓடின.

லேபின் தலைவி வத்ஸலா மேடம். வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தவர். மற்றவர்கள் எல்லாம் மலையாளத்தில் பேச, அவர் என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. லேபுக்குள் உட்கார்ந்து பார்த்ததுமில்லை. கெட்ட செய்தி வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். ஏதாவது தவறாகிவிட்டது என்று யாராவது விளக்கம் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். "சொல்லாதீங்கோ. பண்ணிக் காமிங்கோ." டாக்டர் பட்டம் வாங்கியவராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் அதே வார்த்தைதான்.

எனக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கழுவுகிற குப்பிக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் கழுவப் பிடிக்காது. ஒரு நாள் மேடத்திடமே கேட்டுவிட்டேன். "உசுருள்ள எல்லாத்துலயும் பெரிய பெரிய மூலக்கூறு இருக்குன்னு சொல்றாங்களே மேடம், அது பாக்க எப்படி இருக்கும்?"

"மாலை மாதிரி" என்றார். "மணி வேற, கோக்கிற விதம் வேற. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டது இது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் மாவு ஒரே வகை மணியை, அதாவது சர்க்கரையை, திரும்பத் திரும்பக் கோத்த மாலை. சேர்த்து வைப்பதற்கு அது போதும். புரதம் அப்படியல்ல. அதில் இருபது வகை மணி. கோத்து முடிந்ததும் அந்த மாலை தானாகச் சுருண்டு, மடங்கி, ஒரு உருவத்துக்கு வந்துவிடும். அந்த உருவம்தான் வேலை செய்யும். கத்தரி மாதிரி மடங்கினால் வெட்டும், கொக்கி மாதிரி மடங்கினால் பிடிக்கும். முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கட்டியாவது எதனால் தெரியுமா? மாலை அறுவதில்லை. மடிப்பு கலைந்துபோகிறது. கலைந்த பிறகு அதற்குப் பழைய வேலை தெரியாது.

இன்னும் இரண்டு மாலை உண்டு. டி.என்.ஏ. என்பது பெட்டியில் பூட்டி வைத்த வீட்டுப் பத்திரம் மாதிரி. ஆர்.என்.ஏ. என்பது அதிலிருந்து எழுதி எடுத்த துண்டுச் சீட்டு. சாயாக்கடையில் "ரெண்டு தோசை" என்று சமையலறைக்குப் போகும் சீட்டைப் போல. தோசை வந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் மாஸ்டர் தோசை சுட்டுக்கொண்டே இருப்பார். அதனால் ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழியும்படியே அமைந்திருக்கிறது. அதை வெட்டுவதற்கென்றே உடம்பில் கத்தரிப் புரதங்கள் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இந்தக் கத்தரியைப் பற்றித்தான்.

ரெம்யா என்று கொல்லத்துக்காரப் பெண் ஒருத்தி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. மரச்சீனியை மண்ணிலிருந்து பறித்து இரண்டு மூன்று நாள் வைத்தால் உள்ளே கறுப்பு ரேகை ஓடிவிடும். உருளைக்கிழங்கு வாரக்கணக்கில் இருக்கும்போது இது மட்டும் ஏன் இப்படி? பறித்த உடனே கிழங்கு என்னென்ன சீட்டு எழுதி அனுப்புகிறது என்று பார்த்தால் தெரியும் என்பது அவள் யோசனை. அதற்குக் கிழங்கிலிருந்து ஆர்.என்.ஏ.வை முழுசாக எடுக்க வேண்டும். எங்கள் லேபில் அந்த வேலையைத் தொடங்கிய முதல் ஆள் அவள்தான்.

குப்பிகளுக்கு மேடம் தனி முறை எழுதித் தந்தார். தாளை நான் சுவரில் ஒட்டினேன். சோப்பில் கழுவி, குழாய்த் தண்ணீரில் ஏழுமுறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்றுமுறை அலச வேண்டும். வாயை அலுமினியத் தாளால் மூடி, நூற்றெண்பது டிகிரி அடுப்பில் ஒரு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். காலையில் ஆறிய பிறகு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆவியில் அவித்தால் போதாதா என்று கேட்டேன்.

"அந்தக் கத்தரி பொல்லாதது" என்றார் மேடம். "நாலு எடத்துல கொக்கி போட்டுத் தன்னைத்தானே கட்டிண்டிருக்கு. கொதிக்க வெச்சா மடிப்பு கலையும். ஆற வெச்சா மறுபடி மடிஞ்சு எழுந்து உக்காரும்."

அவித்த முட்டை ஆறிய பிறகு திரும்பப் பச்சை முட்டை ஆவதுபோல! அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ரெம்யாவுக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. எடுத்த ஆர்.என்.ஏ.வை ஒரு மெல்லிய கூழ்ப்பலகையில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். முழுசாக இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இரண்டு கோடு தெரியும். அவளுக்கு வந்ததெல்லாம் மழையில் நனைந்த மை மாதிரி கீழே வழிந்த ஒரு கறை. மாதாமாதம் அதே கறை. அதே குப்பிகளில் டி.என்.ஏ. எடுத்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே குப்பியை யாரும் சந்தேகப்படவில்லை. கிழங்கில் மாவு அதிகம், அதுதான் கெடுக்கிறது என்றார்கள். சிலர் அவளுக்குக் கை ராசியில்லை என்றுகூடச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஓணத்துக்குள் அந்த இரண்டு கோடு வராவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. மேடம் கண்ணாடியைத் துடைத்தார். அந்த வேலையைத் தொடுகிற எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அவரவர் வேலையைப் பண்ணிக் காட்டச் சொன்னார். நானும் காட்டினேன். சுவரில் ஒட்டிய தாளில் உள்ளதை வரிக்கு வரி செய்தேன். மேடம் தலையசைத்தார். நான் பொய் சொல்லவில்லை மக்களே. தாளில் இருந்ததைத்தான் செய்தேன். ஆனால் தினமும் நான் செய்தது அது மட்டும் அல்ல என்று எனக்கே அப்போது தெரியாது.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் அடுப்பிலிருந்து குப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சுள்ளென்று வலித்தது. பெருவிரலில் ரத்தம். சூட்டில் ஒரு குப்பியின் வாய் தெறித்திருக்கிறது. அந்த விளிம்பில் என் ரத்தம் கோடாக இருந்தது. அதைத் துடைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

என் விரல் அங்கே எதற்குப் போனது?

மேசையில் அடுப்பிலிருந்து எடுத்து வைத்த குப்பிகள் ஒரு வரிசை இருந்தன. ஒவ்வொன்றாகத் தாளை நீக்கி, வாயை விரலால் ஒரு சுற்று சுற்றி, திரும்ப மூடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் கையுறை மாணவர்களுக்கு மட்டும்தான். வெறும் விரல். ஆரியசாலையில் பதினொரு வருடம் பழகிய விரல் என்னைக் கேட்காமலே வேலை செய்திருக்கிறது. ரெம்யாவின் மேசையில் அவளே எழுதி ஒட்டிய காகிதம் ஞாபகம் வந்தது: வெறுங்கையால் தொடாதீர்கள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நம்ம தோலில் அந்தக் கத்தரி இருக்கு அண்ணா, சோப்புப் போட்டாலும் திரும்ப வரும்" என்று சொல்லியிருந்தாள். அது அவள் மேசைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

சுகுமாரன் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இது ஞான் தினமும் கண்டதுதானே அண்ணாச்சி. என்னடா இவன் குப்பிக்குச் சோறூட்டுறான்னு நினைச்சேன். எனக்கும் தோணல."

"மேடத்துகிட்ட சொல்லிடறேன் அண்ணா."

"நீ மிண்டாதே! வாயத் தொறக்காதே!" கதவைச் சாத்தினார். "நிரந்தரமாக்குற லிஸ்டு இந்த மாசம் போகுது. உன் பேரு இருக்கு. உன் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம். இன்னைக்கே விரலை மடக்கு. தன்னால சரியாகும். அந்தக் கொச்சுப் பொண்ணுக்கும் சந்தோஷம், உனக்கும் வேலை. யாருக்கு நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் நஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். விரலை மட்டும் மடக்கினேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு மத்தியானம் ரெம்யா இருட்டறையிலிருந்து கத்திக்கொண்டு வந்தாள். "வந்நு! வந்நு!" வந்துவிட்டது என்கிறாள். எல்லாரும் ஓடினோம். விளக்கின் மேல் இரண்டு கோடு. அவ்வளவு அழகு. அந்தச் சின்ன விஷயத்துக்குப் பரிப்புவடை வாங்கினார்கள். நானும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் அவளுடைய மேசையைத் துடைக்கும்போது கேட்டேன், "எப்படி சரியாச்சு?"

"புது முறை அண்ணா. மாவைக் களையறதுக்கு உப்புத் தண்ணி வச்சு ரெண்டு தடவை கூடுதலா கழுவினேன். போன வாரம் தொடங்கினதுதான். அதான் காரணம். மேடம் இதைக் கட்டுரையா எழுதச் சொல்லிட்டாங்க. மரச்சீனியில வேலை செய்ற எல்லா ஊருக்கும் உபகாரமாகும்."

போன வாரம். நான் விரல் வைக்காத குப்பிகள் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே வாரம்தான்.

யாருக்கு நஷ்டம் என்று சுகுமாரன் அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. இவள் எழுதுவாள். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு பிள்ளை அதைப் படித்து உப்புத் தண்ணீரில் கழுவும். அந்த லேபில் குப்பி கழுவுகிறவன் யாரோ, அவன் விரல் எப்படியோ. அந்தப் பிள்ளைக்கும் கறைதான் வரும். ஏன் என்று அதற்குத் தெரியவே தெரியாது. ரெம்யா அழுததை இரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மேடத்தின் அறைக்குப் போனேன். ரெம்யாவும் அங்கே இருந்தாள். இருவரும் கட்டுரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஒரு காரியம் சொல்லணும். அந்தக் குப்பி..."

"சொல்லாதீங்கோ" என்றார், தலை நிமிராமலே. "பண்ணிக் காமிங்கோ."

கழுவும் அறைக்குப் போய், அன்று காலை அடுப்பிலிருந்து எடுத்த ஒரு குப்பியைக் கொண்டுவந்தேன். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தேன். தாளை நீக்கினேன். மற்றதை நான் செய்ய வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகப் போய் வாயை ஒரு சுற்று சுற்றி வந்தது. தாளை மூடி மேசையில் வைத்தேன்.

மேடத்துக்குப் புரியும் முன்பே ரெம்யாவுக்குப் புரிந்தது.

"எத்தனை குப்பி?"

"எல்லாத்துலயும்."

"எப்போ நிறுத்தினீங்க?"

"நீங்க உப்புத் தண்ணி தொடங்குறதுக்கு ஒரு வாரம் முந்தி."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வாக்கு பறஞ்சூடாயிருந்நோ அண்ணா? ரெண்டு கொல்லம். என்டெ ரெண்டு கொல்லம்." ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, என் இரண்டு வருடம் போயிற்றே என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் இருக்கிறது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நிறுத்தினேள், சரியாப் போச்சு. அப்படியே இருந்திருக்கலாமே. ஏன் இப்போ வந்து சொல்றேள்?"

"இவங்க எழுதிடுவாங்க மேடம். அதப் பாத்து வேற ஊர்ல ஒரு பிள்ளை செய்யும். அதுக்குச் சரியா வராது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டவர் மாதிரி இருந்தது. "விரல்தான் காரணம்னு நீங்க சொல்றேள். உப்புத்தான் காரணம்னு இவ சொல்றா. ரெண்டு பேர் சொல்றதையும் நான் நம்பலே. பண்ணிப் பாத்துடுவோம்."

இருபது குப்பி. பத்தில் நான் விரல் வைக்க வேண்டும், பத்தில் கூடாது. அதற்குப் பிறகு மேடமே குப்பிகளைக் கலைத்து நம்பர் ஒட்டினார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ரெம்யா பாதியைப் பழைய முறையிலும் பாதியைப் புது முறையிலும் செய்தாள். அந்த நாட்களில் அவள் என்னிடம் பேசவில்லை. குப்பியை வாங்கும்போது நம்பரை மட்டும் பார்ப்பாள். என் வாழ்நாளில் இருபது குப்பியை அவ்வளவு கவனமாக நான் கழுவியதில்லை.

கடைசி நாள் இருட்டறையில் மேடம், ரெம்யா, நான், வாசலில் சுகுமாரன் அண்ணன். விளக்கைப் போட்டார்கள். மேடம் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு நம்பராகப் படித்தார். "விரல்." கறை. "விரல் இல்லே." இரண்டு கோடு. "விரல்." கறை. உப்புத் தண்ணீரில் கழுவியதா இல்லையா என்பதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. என் பெருவிரல் செய்த வேலையை நான் என் கண்ணால் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், ஆச்சரியமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, என் தோலில் இருந்துகொண்டு, இவ்வளவு கச்சிதமாக வெட்டியிருக்கிறது!

"ஆனா மேடம்," வாயை அடக்க முடியாமல் கேட்டேன், "அதே குப்பியில டி.என்.ஏ. ஏன் கெடல?"

"அதை வெட்டற கத்தரிக்கு மெக்னீசியம் வேணும். நாம அந்தத் திரவத்துல மெக்னீசியத்தைப் பிடிச்சுக் கட்டற சரக்கு ஒண்ணு முன்னமே போட்டிருக்கோம். உங்க விரல்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நம்ம தோலுக்கு எதுக்கு இப்படி ஒரு கத்தரி?"

மேடம் சிரித்தார். "பல வைரஸ் ஆர்.என்.ஏ.வா வருது. அன்னியன் சீட்டு கொண்டுவந்தா வாசல்லயே கிழிச்சுடணும்னு வெச்சிருக்கலாம். முழுசா யாருக்கும் தெரியாது."

வாசலில் இருந்து சுகுமாரன் அண்ணன், "அப்ப அண்ணாச்சி கை நல்ல கைதான். நோய் வராது" என்றார். ரெம்யா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்ததற்காக என் மேல் கோபப்பட்டதுபோல வெளியே போய்விட்டாள்.

நடந்ததை மேடம் நடந்தபடியே எழுதி ஆபீசுக்குக் கொடுத்தார். நானாக வந்து சொன்னேன் என்பதையும் எழுதியிருந்தார். ஆபீஸில் முதல் பாதியை மட்டும் படித்தார்கள்போல. அந்த முறை லிஸ்டில் என் பெயர் வரவில்லை. அடுத்த முறை வந்தது. ஷீபா, நீ பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் நான் நிரந்தரமானேன். முதல் முறை பெயர் வராததை வீட்டில் சொன்னபோது அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "விரல வச்சிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். நறுக்கிய காயைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஓணத்துக்கு முந்தின நாள் நான் கழுவும் அறைக்குப் போனபோது, என் அலமாரியில் ஒரு பெட்டி கையுறை இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. ஆனால் என் கைக்குச் சரியான பெரிய அளவு. லேபில் அந்த அளவு வேறு யாருக்கும் வேண்டாம்.

எல்லாரும் பூக்களம் போட வராந்தாவுக்குப் போயிருந்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு குப்பியை எடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. விரல் வைக்கக் கூடாது, சரி. விரல் வைத்தாலும் கையுறைக்குள் ஒன்றும் தெரியாது, சரி. ஆனால் சூட்டில் வாய் தெறிப்பது நிற்கவா போகிறது? நாளைக்கு அந்தப் பெண்ணின் கை கிழிந்தால்?

மேசையில் ஒரு பென்சில் கிடந்தது. தாளை நீக்காமல், மூடியபடியே, குப்பியின் வயிற்றில் பென்சிலால் மெதுவாகத் தட்டினேன். ணங். அடுத்தது. ணங். வெளியே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டதால் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் காதருகில் வைத்துத் தட்டினேன். ணங், ணங், ணங். பதினான்காவது குப்பி, டொக்.

இன்னொரு முறை தட்டினேன். டொக்.

அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தாளை நீக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வாயிலிருந்து கழுத்து வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தொடவில்லை. குப்பியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பதினைந்தாவதைத் தட்டினேன்.